தோற்றுக்கொண்டிருக்கும் கால்பந்து அணி தன் வீரர்களை எடைபோடுவது எப்படி, வளர்ப்பது எப்படி

ஓர் அணி தொடர்ந்து தோற்கத் தொடங்கியதும் அதை நடத்துபவர்களின் பார்வை கெட்டுவிடுகிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பு ‘நிதானமானவர்’ என்று பாராட்டப்பட்ட நடுக்கள வீரர் இப்போது ‘மந்தமானவர்’ ஆகிவிடுகிறார்; ‘துணிச்சலாகப் பந்தை எடுத்துச் செல்பவர்’ என்று பெயர் வாங்கிய பின்கள வீரர் ‘பொறுப்பில்லாதவர்’ ஆகிவிடுகிறார். அவர்கள் ஆடும் விதத்தில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. புள்ளிப்பட்டியலில் அணி நிற்கும் இடம்தான் மாறியிருக்கும். இந்த மனநிலையில் எடுக்கப்படும் முடிவுகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பயிற்சியாளரை மாற்றுவார்கள், சீசன் நடுவே வீரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் காலம் திறந்தவுடன் முப்பது வயதைத் தாண்டிய, பெயர் தெரிந்த இருவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுப்பார்கள், அவர்களுக்கு இடம் ஒதுக்குவதற்காகப் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரை வெளியே அனுப்புவார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த இளைஞர் வேறோர் அணியில் நிலைத்திருப்பார். பெயர் தெரிந்த இருவரின் சம்பளத்தை இந்த அணி இன்னமும் கட்டிக்கொண்டிருக்கும்.

பணம் குறைவாகவும் நேரம் அதைவிடக் குறைவாகவும் இருக்கும் ஒரு தொழில்முறை அணி இந்தச் சுழலுக்குள் சிக்காமல் வீரர்களைப் பார்க்கவும் வளர்க்கவும் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன். செய்யும் வரிசை முக்கியம். பெரும்பாலான அணிகள் கடைசியில் செய்ய வேண்டிய வேலையான வாங்குவதை முதலில் செய்துவிட்டு, முதலில் செய்ய வேண்டிய கணக்கெடுப்பைச் செய்யாமலேயே விட்டுவிடுகின்றன.

முடிவு வேறு, ஆட்டம் வேறு

கால்பந்தில் கோல் அரிதாகவே விழும். இரண்டு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் அடிப்பது பெரும்பாலான லீகுகளில் சராசரியாக மூன்று கோல்களைக்கூட எட்டுவதில்லை. ஆகவே கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்தும் நடுவர் கொடுக்காமல் விட்ட ஒரு பெனால்டியும் ஒரு மாதத்தின் கதையையே மாற்றிவிடக்கூடும். வீரர்களை எடைபோட உட்காருவதற்கு முன்பு, அணி உண்மையிலேயே மோசமாக ஆடுகிறதா, அல்லது ஆட்டத்தின் தரத்துக்குக் கீழே முடிவுகள் கிடைக்கின்றனவா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் கருவி எக்ஸ்ஜி என்று அழைக்கப்படும் எதிர்பார்ப்புக் கோல் கணக்கு. ஒரு ஷாட் எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா எடுக்கப்பட்டது என்பவற்றைக் கொண்டு, அதே போன்ற ஆயிரக்கணக்கான பழைய ஷாட்டுகளில் எத்தனை கோலாயின என்று பார்த்து இந்த மதிப்பு போடப்படுகிறது. பெனால்டிக்கு ஏறத்தாழ 0.76 முதல் 0.79 வரை கொடுப்பார்கள், அதாவது நூறு பெனால்டிகளில் எழுபத்தாறு முதல் எழுபத்தொன்பது வரை கோலாகும் என்று பொருள். கோலுக்கு முன்னுள்ள பெனால்டிப் பெட்டிக்கு வெளியிலிருந்து அடிக்கப்படும் பெரும்பாலான ஷாட்டுகள் 0.05-ஐக்கூடத் தொடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்கு இந்தக் கணக்கை எடுத்து, பெனால்டிகளைத் தனியே ஒதுக்கி, சிவப்பு அட்டைக்குப் பிறகு பத்துப் பேருடன் ஆடிய நிமிடங்களையும் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். உருவாக்கிய வாய்ப்பும் கொடுத்த வாய்ப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்து கோல் கணக்கில் மட்டும் அணி பின்தங்கியிருந்தால், பாதி அணியைக் கலைப்பது தவறான மருத்துவம். வாய்ப்புக் கணக்கிலும் பின்தங்கியிருந்தால் நோய் உண்மையானது. எந்தப் பகுதியில் என்று தேட வேண்டியதுதான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2014-15 சீசனின் போருசியா டார்ட்மண்ட். யூர்கன் க்ளோப் பயிற்சியளித்த அந்த அணி 2015 பிப்ரவரியில் ஜெர்மன் லீகின் கடைசி இடத்தில் இருந்தது. உருவாக்கிய வாய்ப்புகளைப் பார்த்தால் அது கடைசி இடத்து அணி ஆடும் ஆட்டமே அல்ல. சீசன் முடிவில் ஏழாம் இடத்துக்கு ஏறிவிட்டது. அந்தக் கணக்கை ஊரெல்லாம் கவனிக்கவில்லை, லிவர்பூலின் ஆய்வுப் பிரிவு கவனித்தது; அதே ஆண்டு அக்டோபரில் க்ளோப் அங்கே பயிற்சியாளரானார்.

கையில் இருப்பதைக் கணக்கெடுத்தல்

அடுத்த வேலை சலிப்பூட்டுவது. அதனால்தான் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் வயது, ஒப்பந்தம் முடியும் நாள், கடந்த இரண்டு சீசன்களில் ஆடிய நிமிடங்கள், காயத்தால் இழந்த நாட்கள், சம்பளம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தவுடனேயே சில விஷயங்கள் முகத்தில் அறையும். சம்பளத்தில் கால்பங்கு வாங்கும் மூவர் நிமிடங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஆடாமல் இருப்பார்கள். ஒரே இடத்துக்கு நான்கு பேர் இருப்பார்கள். வலது பின்களத்துக்கு ஒருவரே இருப்பார், அவரும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தொடைத் தசைப் பிடிப்பால் ஆறு வாரம் படுத்திருப்பார்.

ஒப்பந்த நாள்தான் இந்தத் தாளில் மிக அவசரமானது. 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் கிளப்புக்கு ஒரு காசும் வராமல் வெளியேறலாம் என்ற நிலை வந்தது. கடைசி ஆறு மாதங்களில் அவர் வேறு கிளப்புடன் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளவும் ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. எனவே ஒரு வீரரை வைத்துக்கொள்வதா, விற்பதா, விட்டுவிடுவதா என்ற முடிவை ஒப்பந்தம் முடிய பதினெட்டு மாதங்கள் இருக்கும்போதே எடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்கள் இருக்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் பேரம் பேசும் பலம் எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

வயதை மட்டும் தனியே பார்க்காமல் ஆடும் இடத்தோடு சேர்த்துப் பாருங்கள். வேகத்தை நம்பி விளிம்பில் ஆடுபவர்கள் இருபதுகளின் நடுவில் உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள்; மையப் பின்களத்தவரும் கோல்கீப்பர்களும் முப்பதைத் தாண்டியும் நன்றாக ஆடுவார்கள். இருபத்தொன்பது வயது கோல்கீப்பருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் நியாயமானது. விளிம்பில் ஆடும் அதே வயது விங்கருக்கு அதே நான்கு ஆண்டுகளைக் கொடுப்பது, போன காலத்து ஓட்டத்துக்கு வரப்போகும் காலத்தில் கூலி கொடுப்பதாகும்.

எதைப் பார்ப்பது என்று முதலில் எழுதுங்கள்

‘நல்ல வீரரா?’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ‘நாம் ஆட நினைக்கும் விதத்தில், இந்த இடத்தில், இந்த வேலையைச் செய்வாரா?’ என்ற கேள்விக்குத்தான் பதில் உண்டு. ஆகவே வீரரைப் பார்ப்பதற்கு முன்பு அந்த இடத்தின் வேலையை ஐந்தாறு வரிகளில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்வாங்கி நின்று திடீரென எதிர்த்தாக்கும் அணியின் மையப் பின்கள வீரர் பெட்டிக்குள் வரும் உயரப் பந்துகளை வெல்ல வேண்டும். மைதானத்தின் நடுக்கோட்டில் நின்று ஆடும் அணியின் மையப் பின்கள வீரர் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நாற்பது மீட்டர் வெற்றிடத்தை ஓடிக் காக்க வேண்டும். ஒருவரிடம் மற்றவரின் வேலையைக் கொடுத்துவிட்டு இருவரும் திறமையற்றவர்கள் என்று எழுதிய அறிக்கைகள் பல கிளப்புகளின் அலமாரியில் கிடக்கும். நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பின் அகாடமி, அதாவது இளம் வீரர்களை வளர்க்கும் பயிற்சிப் பள்ளி, வெகுகாலமாக நுட்பம், ஆட்ட அறிவு, ஆளுமை, வேகம் என்ற நான்கு தலைப்புகளில் வீரர்களைப் பார்த்து வந்தது. தலைப்புகள் எவையாக இருந்தாலும் சரி, எல்லோரும் ஒரே தலைப்புகளில் எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பார்ப்பதைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டை நெருக்கமாகச் சொல்கிறேன். தோற்ற ஓர் ஆட்டத்தின் எழுபதாவது நிமிடம். எதிரணியின் வலது விளிம்பிலிருந்து கோல் முன்னே தாழ்வாக அடிக்கப்பட்ட பந்து (கிராஸ்), நம் மையப் பின்கள வீரரின் காலுக்கு எட்டாமல் உருண்டு சென்று கோலாகிறது. அரங்கம் முழுவதும் அவரைத்தான் பார்க்கிறது. மறுநாள் அவர் படம்தான் வரும். காணொளியைப் பதினைந்து நொடிகள் பின்னோக்கி ஓட்டுங்கள். நம் இடது பின்கள வீரருக்குப் பந்து வந்துகொண்டிருக்கிறது. பந்து பாதி தூரம் வரும்வரை அவர் பந்தை மட்டுமே பார்க்கிறார். தோளுக்கு மேல் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் தனக்கு முன்னே எட்டு மீட்டர் வெற்றிடம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. முதல் தொடுகை தன் கோலை நோக்கியே விழுகிறது. நெருக்கடி இல்லாத இடத்தில் நெருக்கடியை வரவழைத்துக்கொண்டு, நடுக்கள வீரரின் வலுவில்லாத காலுக்குப் பந்தைத் தள்ளிவிடுகிறார். அங்கே பந்து பறிபோகிறது. பறிபோன அந்த நொடியில் இடது பின்கள வீரர் எடுத்துவைக்கும் முதல் மூன்று அடிகளைப் பாருங்கள்: நடக்கிறார். எதிரணி விங்கர் அவரைத் தாண்டி ஓடுகிறார். இப்போது நம் மையப் பின்கள வீரரைப் பாருங்கள். பந்து பறிபோவதற்கு ஒரு கணம் முன்பே அவர் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்துவிட்டார். ஆபத்தை மணந்தவர் அவர் ஒருவரே. அவர் காலுக்குப் பந்து எட்டாமல் போனது, வேறொருவர் விட்ட இடத்தையும் சேர்த்து அவர் காத்துக்கொண்டிருந்ததால்தான். இந்த ஒரு கிளிப்பிலிருந்து இரண்டு குறிப்புகள் எழுத வேண்டும். அவற்றில் ஒன்று பாராட்டு.

பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கும் பழக்கத்தை நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாகப் படம் பிடித்து எண்ணியிருக்கிறார். அடிக்கடி பார்க்கும் நடுக்கள வீரர்களின் முன்னோக்கிய பாஸ்கள் அதிகம் வெற்றி பெறுகின்றன என்பது அந்த எண்ணிக்கையின் சாரம். தொலைக்காட்சிக் காட்சி பந்தைத் துரத்திக்கொண்டே போவதால் இந்தப் பழக்கம் அதில் தெரியாது. முழு மைதானத்தையும் காட்டும் உயரக் கேமராவின் பதிவு வேண்டும். அது இல்லாவிட்டால் நேரில் போய், இருபது நிமிடங்களுக்குப் பந்தை விட்டுவிட்டு அந்த ஒருவரையே பார்க்க வேண்டும். இது கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால் கண் தானாகப் பந்துக்குத் திரும்பிவிடுவது தெரியும்.

கிளிப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது அணி முன்னிலையில் இருந்த நேரம், சமநிலையில் இருந்த நேரம், பின்தங்கியிருந்த நேரம் மூன்றிலிருந்தும் எடுங்கள். இரண்டு கோல் பின்தங்கியபின் எதிரணி பின்வாங்கிவிடும். அப்போது நம் பின்களத்தவர் எல்லோருமே அழகாகப் பாஸ் கொடுப்பவர்களாகத் தெரிவார்கள். தோற்கும் அணியில் இந்த நிமிடங்கள் மிக அதிகம் என்பதால், கலந்து பார்க்காவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

பேசுவதற்கு முன் எழுதுங்கள்

ஒரு வீரரை மூவர் தனித்தனியே பார்த்து, ஒருவரோடொருவர் பேசாமல், தத்தம் மதிப்பெண்ணை எழுதி ஒப்படைத்த பிறகே கூட்டம் தொடங்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும், குறிப்பாக எல்லோர் வேலையும் ஊசலாடிக்கொண்டிருக்கும் சீசனில். மதிப்பெண்ணை ஒன்று முதல் நான்கு வரை வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன். ஐந்து வரை வைத்தால் துணிவில்லாதவர்கள் எல்லோரும் மூன்று போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். மூவரும் ஒத்துப்போகும் வீரர்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒருவர் நான்கும் இன்னொருவர் ஒன்றும் போட்டிருக்கிறார்கள் என்றால், கூட்டத்தின் நேரம் முழுவதையும் அங்கேதான் செலவிட வேண்டும். பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு வேலையை மனத்தில் வைத்து ஒரே ஆளைப் பார்த்திருப்பார்கள்.

எண்கள் எங்கே ஏமாற்றும்

புள்ளிவிவரம் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. தவறாகப் படிப்பதும் அதே அளவுக்கு மலிவு. 900 நிமிடங்களுக்குக் குறைவாக, அதாவது பத்து முழு ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியவரின் விகிதங்களைக் கொண்டு முடிவெடுக்காதீர்கள். எல்லாவற்றையும் 90 நிமிடத்துக்கு எவ்வளவு என்று மாற்றிப் பாருங்கள். இவை பலருக்கும் தெரியும்.

அதிகம் பேருக்குத் தெரியாத பொறி டாக்கிள் எண்ணிக்கை, அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்த எண்ணிக்கை. கடைசி இடத்து அணியின் பின்கள வீரர் லீகிலேயே அதிக டாக்கிள் செய்தவராக இருப்பது வழக்கம். பந்து எப்போதும் எதிரணியிடமே இருப்பதால் அவருக்கு அத்தனை வாய்ப்புகள் கிடைக்கின்றன. அவர் எத்தனை டாக்கிள் செய்தார் என்பதைவிட, அவரை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்களில் எத்தனை பேர் தாண்டிப் போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அத்துடன் எதிரணியிடம் பந்து இருந்த நேரத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்ய வேண்டும். முன்கள வீரருக்கு இதே பிரச்சினை எதிர்ப்பக்கமாக வரும். தோற்கும் அணியில் அவருக்குப் பந்தே வராது. கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கிடைத்த குறைந்த நேரத்தில் எந்த இடங்களிலிருந்து ஷாட் எடுத்தார், பெட்டிக்குள் எத்தனை முறை தப்பித்து ஓடினார், அந்த ஓட்டங்களை எத்தனை முறை சக வீரர்கள் பார்க்காமல் விட்டார்கள் என்று எண்ணுங்கள். கடைசி எண்ணை எந்த நிறுவனமும் விற்பதில்லை. ஒருவர் உட்கார்ந்து பேனாவால்தான் எண்ண வேண்டும்.

லெஸ்டர் சிட்டி 2014-15 சீசனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் இருந்து, எப்படியோ மீண்டு 14-ஆம் இடத்தில் முடித்தது. அடுத்த கோடையில் பிரான்சின் கான் கிளப்பிலிருந்து என்கோலோ கான்டேயை வாங்கியது. பந்தை மீட்கும் எண்ணிக்கையில் அவர் பிரெஞ்சு லீகின் முன்னணியில் இருந்தார். உடலால் சிறியவர் என்பதால் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம்தான் லெஸ்டருக்குக் கிடைத்த தள்ளுபடி. 2016-இல் அவர்கள் இங்கிலாந்தின் சாம்பியன்கள். எண்ணைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து, பின்னர் ஆளை நேரில் பார்த்து எண்ணைச் சரிபார்க்கும் வரிசையே சரியானது.

இளம் வீரர்களைப் பார்க்கும்போது

பதினான்கு வயதில் அணியின் நட்சத்திரமாக இருப்பவர் பதினெட்டு வயதில் சாதாரணமாகிவிடுவதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அவர் மற்றவர்களைவிட முன்னதாக வளர்ந்தவர், அவ்வளவுதான். ஆண் பிள்ளைகள் வேகமாக உயரும் கட்டம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி வருகிறது. ஆனால் ஒரே வயதுப் பிரிவில் இருவரின் உடல் முதிர்ச்சிக்கு இடையே இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். இதோடு பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்கினால் அகாடமிகளில் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருப்பதும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அரிதாக இருப்பதும் நாடு நாடாகக் கண்டறியப்பட்ட உண்மை.

ஆகவே அகாடமிப் பட்டியலைப் பிறந்த மாத வரிசையில் அடுக்கிப் பாருங்கள். கடைசி மாதங்களில் பிறந்து, உடலால் பின்தங்கி, அப்படியும் அணியில் தாக்குப்பிடிப்பவரைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பலத்தால் ஜெயிக்க முடியாததால் அவர் வேறு ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பார். அந்த லெஸ்டர் சாம்பியன் அணியின் முன்கள வீரர் ஜேமி வார்டி பதினாறு வயதில் உயரம் போதாது என்று ஷெஃபீல்டு வென்ஸ்டேவால் விடப்பட்டவர். கீழ்மட்ட லீகுகளில் ஆடி 2012-இல் லெஸ்டருக்கு வந்தவர். உயரம் கூடிக்கொண்டிருக்கும் மாதங்களில் கால் ஒருங்கிணைப்பு தற்காலிகமாகக் கெடும், முழங்கால் வலியும் வரும். அந்த மாதங்களில் எந்தப் பிள்ளையைப் பற்றியும் இறுதி முடிவு எடுக்காதீர்கள்.

குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உடைமாற்றும் அறையில் சத்தம் போடுபவரைத் தலைவர் என்று நினைத்துவிடும் பழக்கம் தோல்விக் காலத்தில் கூடிவிடும். தவறு செய்த அடுத்த இரண்டு நிமிடங்களில் ஒருவர் பந்தைக் கேட்கிறாரா, ஒளிந்துகொள்கிறாரா என்பதைக் காணொளியிலேயே பார்த்துவிடலாம். மீதியை உடை, காலணி பொறுப்பாளரிடமும் பிசியோவிடமும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

வளர்த்தல்: ஒரு நேரத்தில் ஒரு குறை

எடைபோட்ட பிறகு ஒவ்வொரு வீரருக்கும் தனிப்பட்ட திட்டம் எழுதப்படும். பல கிளப்புகளில் அது பன்னிரண்டு அம்சங்கள் கொண்ட அழகான தாளாக இருக்கும். வீரருக்கு அதில் ஒன்றுகூட நினைவிருக்காது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இடது பின்கள வீரரையே எடுத்துக்கொள்வோம். ‘கவனமாக இரு’ என்பது பயிற்சி அல்ல. வாரத்தில் மூன்று நாள், பயிற்சி முடிந்தபின் பத்து நிமிடங்கள், அவருக்கு இருபது மீட்டர் தூரத்திலிருந்து பந்து வரும். அவர் பின்னால் ஒரு துணைப் பயிற்சியாளர் இடதோ வலதோ நகர்வார். பந்து காலில் படுவதற்கு முன், துணைப் பயிற்சியாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வீரர் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கமாக முதல் தொடுகையை வைக்க வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து அதையே ஐந்துக்கு ஐந்து ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் தனியே நின்று கற்ற பழக்கம் எதிராளி வந்தவுடன் பறந்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அவருக்கு ஆறு கிளிப்புகள் போதும். நான்கில் அவர் சரியாகச் செய்திருக்க வேண்டும். தோற்கும் அணியின் வீரருக்கு வாரம் முழுவதும் அவருடைய தவறுகளையே காட்டினால், அவர் பாதுகாப்பான பாஸ் கொடுத்து ஒளிந்துகொள்ளத்தான் கற்றுக்கொள்வார்.

சில சமயம் குறை வீரரிடம் இருக்காது, அவர் நிற்கும் இடத்தில் இருக்கும். ஆலி வாட்கின்ஸை 2017-இல் எக்செட்டரிலிருந்து வாங்கிய இங்கிலாந்துக் கிளப் பிரென்ட்ஃபோர்ட் அவரைப் பெரும்பாலும் விளிம்பில் ஆடவைத்தது. 2019-இல் முன்கள வீரர் நீல் மொபே விற்கப்பட்டதும் அவரை நடுவில், முன்களத்துக்கு மாற்றினார்கள். அந்த சீசனின் லீக் ஆட்டங்களில் 25 கோல் அடித்தார், மறு ஆண்டு ஆஸ்டன் வில்லா பெருந்தொகை கொடுத்து வாங்கியது. புதியவரை வாங்குவதற்கு முன்பு, கையில் இருப்பவர்களில் யாரை நகர்த்திப் பார்க்கலாம் என்று ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசுவது வீண் வேலை அல்ல.

ஆட்ட நிமிடங்கள் இல்லாமல் எந்தத் திட்டமும் பலிக்காது. ‘அணி ஆபத்தில் இருக்கும்போது இளைஞர்களை எப்படி இறக்குவது?’ என்ற கேள்வி நியாயமானது. பதினொரு பேரில் ஐந்து இளைஞர்களை ஒரே நாளில் இறக்குபவர் அவர்களைத்தான் பலிகொடுக்கிறார். இருவரை, அனுபவசாலிகளுக்கு நடுவே, அவர்களுக்குப் பழக்கமான இடத்தில் இறக்கலாம். 2020 முதல் ஐந்து மாற்று வீரர்களை அனுமதிக்கும் விதி இதற்குப் பெரிய உதவி. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வோர் இளைஞருக்கும் எத்தனை நிமிடங்கள் என்று இலக்கு எழுதி, மாதந்தோறும் சரிபார்க்க வேண்டும். சவுதாம்ப்டன் 2009-இல் திவால் நிர்வாகத்துக்குள் போய், இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. அந்த இருண்ட காலத்திலும் அகாடமியை விட்டுவிடவில்லை. 2010-இல் பதினாறு வயது அலெக்ஸ் ஆக்ஸ்லேடு சேம்பர்லினை முதல் அணியில் இறக்கினார்கள். மறு ஆண்டு ஆர்செனல் அவரை வாங்கியது. 2012-இல் அணி மீண்டும் பிரீமியர் லீகில் இருந்தது.

டார்ட்மண்டின் கதை இன்னும் துணிச்சலானது. 2005-இல் திவாலின் விளிம்புக்குப் போய் வந்த கிளப், 2007-08 சீசனை 13-ஆம் இடத்தில் முடித்தது. அடுத்த சீசனில் க்ளோப் மையப் பின்களத்தில் நிறுத்திய மாட்ஸ் ஹும்மெல்ஸ், நெவன் சுபோடிச் இருவரும் 1988 டிசம்பரில் பிறந்தவர்கள். அதாவது இருபது வயதுகூட நிறையாதவர்கள். 2010-இல் போலந்திலிருந்து வந்த ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி முதல் சீசனில் பெரும்பாலும் மாற்று வீரராகவே இறங்கி லீகில் 8 கோல் அடித்தார். இரண்டாம் சீசனில் 22. முதல் சீசனின் முடிவில் அவரை ‘தோல்வியான வாங்கல்’ என்று எழுதியிருக்கவும் முடியும். 2011, 2012 இரண்டு ஆண்டுகளும் அவர்கள்தான் ஜெர்மனியின் சாம்பியன்கள்.

வேறு கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்புவதும் வளர்க்கும் வழிதான், அனுப்பிவிட்டு மறந்துவிடாவிட்டால். டாட்டன்ஹாமின் இளம் முன்கள வீரராக இருந்த ஹாரி கேன் 2011-க்கும் 2013-க்கும் இடையே லெய்ட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புகளுக்கு லோனில் போனார். மில்வாலில் நிறைய ஆடினார், நார்விச்சில் காயம்பட்டார், லெஸ்டரில் பெஞ்சிலும் உட்கார்ந்தார். எந்த லோன் என்ன கற்றுக்கொடுக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அணியின் பயிற்சியாளர் இவரைக் கேட்டு வாங்கினாரா, அல்லது கிளப்பின் நிர்வாகம் மட்டும் பேசி முடித்ததா என்று விசாரித்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் கேட்காத வீரர் ஆடமாட்டார். சர்வதேச லோன்களில் 2024 ஜூலை முதல் ஒரு கிளப் அதிகபட்சம் ஆறு பேரைத்தான் அனுப்பலாம். இருபத்தொரு வயதுக்குட்பட்ட, கிளப்பிலேயே பயின்றவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

உடலைப் பற்றிச் சுருக்கமாக. தோற்கும் அணிகளில் தண்டனையாகக் கூடுதல் ஓட்டம் கொடுக்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை. அதன் விலை மூன்று வாரம் கழித்துப் பிசியோவின் மேசையில் தெரியும். வாரம் தவறாமல் செய்யப்படும் நோர்டிக் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சி, தொடைப் பின்தசைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. அதற்கு ஒரு விரிப்பும், கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஒரு சக வீரரும் போதும்.

கடைசியில் வாங்குங்கள்

இத்தனையும் செய்த பிறகும் இரண்டு மூன்று இடங்கள் காலியாகத்தான் இருக்கும். அந்த இடங்களின் வேலையை ஏற்கெனவே எழுதிவைத்திருப்பதால், தேடுவது எளிதாகிவிடும். பணமில்லாத அணி மற்றவர்கள் ஒதுக்கும் காரணங்களைத் தேட வேண்டும்: உயரம் குறைவு, இரண்டாம் அடுக்கு லீக், சிறிய நாடு, ஒரு மோசமான சீசன். காயத்தை மட்டும் ‘மலிவான வாய்ப்பு’ என்று நினைக்காதீர்கள். ஒரே தசையில் மூன்று முறை காயம்பட்டவர் நான்காவது முறையும் படுவார் என்றே கணக்கிடுங்கள். விற்கும்போது, மறுவிற்பனையில் ஒரு பங்கு நமக்கு வரும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஃபிஃபாவின் விதிப்படி, சர்வதேச டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 விழுக்காடு அந்த வீரரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். பழைய பதிவுகளை ஒழுங்காக வைத்திராததால் இந்தப் பணத்தைக் கேட்கத் தெரியாமல் விடும் சிறிய கிளப்புகள் உண்டு.

ஒருவரை விடுவிக்கும்போது அதை அவர் நாளிதழில் படிக்கும்படி செய்யாதீர்கள். நேரில், காரணத்தோடு, அவர் அடுத்த அணியைத் தேட அவகாசம் இருக்கும்போதே சொல்லுங்கள். அகாடமிப் பிள்ளையானால் பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் அதைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

எடைபோட்டவர்களையும் எடைபோட வேண்டும். மூவரும் எழுதி ஒப்படைத்த தாள்களைத் தேதியோடு ஓர் உறையில் போட்டு வையுங்கள். பதினெட்டு மாதங்கள் கழித்து அதே மூவரையும் கூட்டி, உறையைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள்: யாருக்கு நான்கு போட்டோம், இப்போது எங்கே இருக்கிறார், யாருக்கு ஒன்று போட்டோம், இப்போது எங்கே ஆடுகிறார். கோல்கீப்பர்களைச் சரியாகக் கணித்தவர் விங்கர்களில் எப்போதும் ஏமாந்திருப்பது அங்கே தெரியவரும். அடுத்த சீசனில் விங்கர்களைப் பார்க்க வேறொருவரை அனுப்புங்கள்.